மருமகளின் நட்சத்திரம் கேட்டவன் எழுதுவது

அன்புள்ள தம்பி,

நீ என் தொலைபேசி அழைப்பை எடுத்து இன்றோடு ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள் ஆகிறது. “கொஞ்ச நாளைக்கு விடுங்கோ அப்பா” என்று ஒரு வரி அனுப்பியிருந்தாய். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அம்மாவைக் கேட்டேன். “அவன் விடச் சொன்னா விடுங்கோவன்” என்றாள். இரண்டு நாள் கழித்து அவளே, “கதைச்சா நீங்கள் இன்னும் கெடுத்துப்போடுவியள். இருந்து எழுதுங்கோ” என்றாள். நான் கடைசியாக இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தது முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்பு, என்னை இந்த நாட்டில் இருக்க விடுங்கள் என்று கேட்டுக் குடிவரவுக்காரருக்கு வாக்குமூலம் எழுதியபோதுதான். இதையும் ஏறக்குறைய அதே நடுக்கத்தோடுதான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் தெரிந்தே எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒன்பது வருடம் உன்னை இழுத்துக்கொண்டு போயும் நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். முதல் பக்கம் முடிவதற்குள் கண் வலிக்கிறது என்று சொல்லி மருமகள் சங்கீதாவிடம் நீட்டிவிடுவாய். அவள் கோயம்புத்தூரில் படித்தவள், கடகடவென்று வாசிப்பாள். ஆகவே இது உனக்கு எழுதுகிற கடிதமாக இருந்தாலும் அவள் குரலில்தான் உன் காதுக்கு வரப்போகிறது. நான் அவளுக்குச் செய்ததை அவளே வாய்விட்டு வாசிக்க வேண்டியிருக்கும். நினைக்கவே கூச்சமாக இருக்கிறது. பிள்ளை, என் யாழ்ப்பாணத் தமிழில் எங்கேயாவது சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டு மேலே வாசியுங்கள்.

நான் இப்போது இருப்பது என் பள்ளிக்கூடத்தில், ரிசெப்ஷன் வகுப்பறையில். கோடைத் தவணையின் நடுவில் வருகிற ஒரு கிழமை விடுமுறை. கட்டிடத்தைப் பார்த்துக்கொள்கிற கெயார்டேக்கர் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. நாலு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்த மேசை என்பதால் முழங்கால் உள்ளே போகாது, காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு எழுதுகிறேன். உனக்கு இன்னும் சொல்லவில்லை, ஜூலையோடு இந்தப் பள்ளிக்கூடத்தை மூடுகிறார்கள். நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒவ்வொரு வயதுக்கும் இரண்டு வகுப்புகள் இருந்தன. பிறகு ஒன்றானது. போன செப்டெம்பரில் ரிசெப்ஷனுக்கு வந்தவர்கள் பதின்மூன்று பேர். இருக்கிற பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் பிரித்து அனுப்பப் போகிறது கவுன்சில். கடிதம் வந்த அன்று தலைமை ஆசிரியை எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாள். “பிள்ளையள் எங்கை போட்டினம்?” என்று நான் கேட்க நினைத்ததை ஆங்கிலத்தில் கேட்டேன். வாடகை கட்ட முடியாமல் சில குடும்பங்கள் லண்டனைவிட்டே போய்விட்டன, மிச்சப் பேர் பிறக்கவேயில்லை என்றாள். பிறக்காத பிள்ளைகள் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தை மூடலாம் என்பது என் மண்டைக்குள் ஏற இரண்டு நாள் பிடித்தது.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். பொயிலர் நின்றாலும் குழாய் ஒழுகினாலும், எங்கே பழுது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிறவன். இதற்கும் அப்படியே தேடத் தொடங்கினேன். பேப்பரில் ஒருநாள் வீட்டு விலைதான் காரணம் என்று போடுவார்கள். அடுத்த நாள், பெண்கள் படித்து வேலைக்குப் போவதுதான் என்பார்கள். மூன்றாம் நாள் எல்லாவற்றுக்கும் தொலைபேசிதான் காரணம். எல்லாமே சரி போலவும் இருக்கும், ஒன்றுமே சரியில்லை போலவும் இருக்கும். தோர்ண்டன் ஹீத்திலிருந்து வருகிற ஒரு தமிழ்ப் பிள்ளை எங்கள் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை, முப்பத்தொரு வயது, இன்னும் தாய் தகப்பனோடு இருக்கிறாள். அவளிடம் கேட்டேன். “அங்கிள், என்ரை ரூமிலை என்ரை கட்டிலே கதவை முழுக்கத் திறக்க விடாது. தொட்டிலை எங்கை வைக்கிறது?” என்று சிரித்தாள். சரி, அப்படியென்றால் வீடுதான் காரணம் என்று முடிவு செய்தேன். இரண்டு நாளில் அதையும் குழப்பிக்கொண்டேன். நானும் என் உடன்பிறந்தவர்களும் ஏழு பேர், வளர்ந்தது இரண்டு அறையில். அந்த ஏழு பேரும் இன்று கனடா, நோர்வே, பிரான்ஸ் என்று சிதறி, அறைக்கு மேல் அறை வைத்துக் கட்டிய வீடுகளில் இருக்கிறோம். எங்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பிள்ளைகள் பதினொரு பேர். அந்தப் பதினொரு பேருக்கும் இதுவரை மூன்றே மூன்று பிள்ளைகள்.

அம்மா வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே கட்டில் காலியாவதற்குக் காத்திருக்கிற பட்டியல் இருக்கிறது, தூக்கிக் குளிப்பாட்ட ஆள் இல்லை. இரண்டு பேர் செய்கிற வேலையை ஒருத்தியாகச் செய்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவாள். நான் வீட்டுக்கு வந்து இன்னொரு வகுப்பறையைப் பூட்டிய கதையைச் சொல்லுவேன். இந்தக் கட்டிடத்தை என்ன செய்வார்கள் என்று ஒருநாள் கேட்டாள். தெரியாது என்றேன். “எங்கடை இல்லத்து ஆக்களுக்கு நல்ல இடம், படியில்லை” என்றாள். பகிடிக்குத்தான் சொன்னாள். நான் மறுநாள் ஒவ்வொரு வகுப்பறையிலும் எத்தனை கட்டில் போடலாம் என்று எண்ணிப் பார்த்தேன்.

இந்த மனநிலையோடுதான் ஏப்ரலில் உங்கள் வீட்டுக்கு வந்தேன் என்பதைச் சொல்ல இவ்வளவு சுற்றினேன். கோலியர்ஸ் வுட்டிலிருந்து வால்தம்ஸ்டோ வரைக்கும் அம்மா நண்டுக்கறியை மூன்று பைக்குள் கட்டி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். சாப்பிட்டு முடிகிற நேரம் நான் தொண்டையைச் செருமி, “அப்ப, என்ன யோசிச்சிருக்கிறியள்?” என்று கேட்டேன். எதைப் பற்றி என்று கேட்க வேண்டிய தேவை ஒருவருக்கும் இருக்கவில்லை. நீ சோற்றுக் கோப்பையைப் பார்த்தாய். சங்கீதாதான் பதில் சொன்னாள். “மாமா, நாங்க ரெண்டு பேரும் ரொம்ப நாளாப் பேசிட்டு முடிவு பண்ணிட்டோம். எங்களுக்குக் குழந்தை வேண்டாம்.” இப்போதைக்கு வேண்டாமோ என்று கேட்டேன். “இப்போதைக்குன்னு இல்ல மாமா. வேண்டாம்.” முகத்தில் கோபம் இல்லை, சோகமும் இல்லை. எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்று கேட்டாள். நான் கோப்பையை நீட்டினேன்.

இனித்தான் என் பிழை வருகிறது. ரயிலில் திரும்பும்போது அம்மாவிடம், “பாவம் அந்தப் பிள்ளை. எவ்வளவு தைரியமாச் சொல்லுது பார்” என்றேன். என்ன பாவம் என்று அம்மா கேட்டாள். “ஏலாததைத்தானே ஆக்கள் வேண்டாமெண்டு சொல்லுவினம்” என்றேன். தம்பி, இது எங்கள் ஆட்களோடு பழகிப் பழகி வந்த வியாதி. முப்பத்தைந்து வருடமாகக் கலியாண வீட்டிலும் பெண் பிள்ளைகளின் சாமத்திய வீட்டிலும் கதைக்கிறோம். பிள்ளை தங்கவில்லை என்று ஒருவரும் வாய்திறந்து சொல்லமாட்டார்கள். இன்னும் யோசிக்கவில்லை என்பார்கள், வீடு வாங்கிவிட்டுப் பார்ப்போம் என்பார்கள், மருமகள் மேற்படிப்புப் படிக்கிறாள் என்பார்கள். கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டு விளங்கிக்கொள்வார்கள். ஒருவர் சொல்வதற்கும் அதன் கருத்துக்கும் நடுவில் ஒரு மடிப்பு இருக்கும், அதை விரித்துப் பார்ப்பதுதான் மரியாதை என்று பழகிவிட்டோம். சங்கீதா மடிக்காமல் சொன்னதையும் நான் விரித்துப் பார்த்தேன். அம்மா மட்டும், “அவ சொன்னதை அப்பிடியே எடுங்கோவன்” என்றாள். நான் கேட்கவில்லை. பழுது எங்கே என்று கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய், சந்தான பாக்கியம் வேண்டி அம்பாளுக்கு அர்ச்சனையும் ஒரு தொட்டில் நேர்த்தியும் என்று சொன்னேன். ஐயர் உங்கள் இரண்டு பேரின் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். உன்னுடையது பூசம். மருமகளின் நட்சத்திரம் எனக்குத் தெரியாது. நீங்கள் விரும்பிக் கட்டியவர்கள், சாதகம் பார்த்த கலியாணமா என்ன. ஒரு மூளையுள்ள மனிதன் அந்த இடத்தில் நட்சத்திரம் தெரியாது என்று சொல்லியிருப்பான், ஐயரும் ஏதோ ஒன்றைச் சொல்லி முடித்திருப்பார். நான் செருப்பு வைக்கிற தட்டடியில் நின்றுகொண்டு கோயம்புத்தூருக்குப் போன் அடித்தேன். சம்பந்தியம்மா, “சுவாதிங்க. எதுக்குங்க சம்பந்தி கேக்கறீங்க?” என்றா. சின்ன நேர்த்தி ஒன்று, பிள்ளைகளுக்குக் கெதியில் நல்லது நடக்க வேண்டும் என்றேன். சம்பந்தியம்மா குரலைத் தாழ்த்தி, “அவளுக்கு ஏதாவது பிரச்சினைங்களா? எங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலீங்களே” என்று கேட்டா. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். “கவலைப்படாதேங்கோ, இந்தக் காலத்திலை எல்லாத்துக்கும் வைத்தியம் இருக்கு” என்று ஆறுதல் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

ஐயர் புது ஒலிவாங்கியில் உங்கள் பெயர்களையும் நட்சத்திரங்களையும் என்ன வேண்டுதல் என்பதையும் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். வெள்ளிக்கிழமைக் கூட்டம். இங்கே வேப்பமரம் இல்லாததால் சந்நிதிக்குப் பக்கத்தில் ஒரு இரும்புச் சட்டம் வைத்திருக்கிறார்கள், மஞ்சள் துணி சுற்றிய குட்டித் தொட்டில்களை அதில்தான் கட்ட வேண்டும். ஏணியில் ஏறிப் பழக்கப்பட்டவன் என்பதால் எல்லோருக்கும் மேலே கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை டூட்டிங் மரக்கறிக் கடையில் ஒரு மனுசி அம்மாவின் கையைப் பிடித்து, தன் மருமகள் போன கிளினிக்கின் பெயரைச் சொன்னாளாம். திங்கட்கிழமை சங்கீதா ஆஸ்பத்திரியில் வேலையாக இருந்த நேரம் அவளுடைய தாய் போன் எடுத்து அழுதிருக்கிறா, எங்களிடம் ஏன் மறைத்தாய் என்று. நான் இவ்வளவையும் மூன்று நாளில் செய்து முடித்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு கதவுப் பிணைச்சலை மாற்ற எனக்கு அதைவிடக் கூட நாள் எடுக்கும்.

நீங்கள் இரண்டு பேரும் அந்தச் சனிக்கிழமை வந்தீர்கள். மூன்று வருடத்தில் முதல்தடவையாகச் சங்கீதா சப்பாத்தைக் கழற்றாமல் வாசலுக்குள்ளேயே நின்றாள். “மாமா, நான் உங்ககிட்ட தமிழ்லதானே சொன்னேன்? வேண்டாம்னு சொன்னா முடியலைன்னா அர்த்தம்? எனக்கு அந்த ஆசை வரல. வந்தா நானே வந்து சொல்லியிருப்பேன். இப்ப எங்கம்மாவுக்கு நான் என்ன சொன்னாலும் நம்ப மாட்டேங்கறாங்க. நான் பொய் சொல்றேன்னு அழுவறாங்க.” அவள் குரல் கடைசியில்தான் உடைந்தது. நான் உன்னைப் பார்த்தேன், நீ சமாளித்துவிடுவாய் என்று. கோபம் வந்தால் நீ ஆங்கிலத்துக்குப் போய்விடுவது வழக்கம். அன்று தமிழில் சொன்னாய், ஒவ்வொரு சொல்லாகத் தேடி. “அப்பா, என்னை வளர்க்கேக்கை நீங்களும் அம்மாவும் சிரிச்சு நான் பாக்கேல்லை. பிள்ளை எண்டால் எனக்கு அதுதான் ஞாபகம் வருது. நீங்கள் செய்த மாதிரி என்னாலை செய்ய ஏலாது. வேறை மாதிரி எப்பிடிச் செய்யிறதெண்டு எனக்குத் தெரியாது.” அதற்கு நான், “அப்ப நாங்கள் பட்ட கஷ்டமெல்லாம் என்னத்துக்கு?” என்று கேட்டேன். உலகத்தில் சொல்வதற்கு எத்தனை வசனம் இருக்க எனக்கு அது வந்தது. கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. அடித்துச் சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

அதன் பிறகு நான் உன் சிறு வயதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன், நாங்கள் சிரித்த இடம் ஒன்றைக் கண்டுபிடித்து உனக்கு எழுதிக் காட்டலாம் என்று. வந்ததெல்லாம் வேறு. உனக்கு ஒன்பது வயது. பதினொரு வயதில் எழுத வேண்டிய கிராமர் ஸ்கூல் சோதனைக்கு இரண்டு வருடம் முன்னதாகவே உன்னைத் தயார்ப்படுத்துகிறோம். சட்டன் பக்கத்துப் பள்ளிக்கூடம் கிடைக்காவிட்டால் வாழ்க்கையே போய்விடும் என்று எனக்கு மூன்று பேர் சொல்லியிருந்தார்கள், நான் முப்பது பேருக்குச் சொன்னேன். பகலில் இங்கே வேலை, பின்னேரம் பெற்றோல் செற்றில் ஷிப்ட். நடுவில் கிடைக்கிற ஒன்றேகால் மணித்தியாலத்தில் உன்னைக் குசினி மேசையில் இருத்தி, முட்டை அவிக்கிற மணிக்கூட்டை முன்னால் வைத்து, கணக்குத் தாளைத் தருவேன். ஒருநாள் இங்கே பிள்ளைகளின் பந்து கூரையில் போய்விட்டது. ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு பந்தாகத் தேடி எடுத்து, பழைய பந்துகளையும் சேர்த்து மேலேயிருந்து மழை மாதிரிப் போட்டேன். கீழே நின்ற பிள்ளைகள் கத்திய கத்து இன்னும் காதில் இருக்கிறது, நானும் கூரையில் நின்று சிரித்தேன். அன்று பின்னேரம் நீ ஜன்னலால் ஒரு நரியைப் பார்த்துவிட்டு, “அப்பா, இஞ்சை வாங்கோ, குட்டியும் நிக்குது” என்று கூப்பிட்டாய். மணிக்கூட்டைக் காட்டி, இன்னும் பதினொரு நிமிடம் இருக்கிறது, திரும்பி இரு என்றேன். நரிக்குட்டியை நானும் பார்க்கவில்லை. ஊரார் பிள்ளைகளுக்குச் சிரித்த வாய் அது. உனக்கு மட்டும் ஏன் திறக்கவில்லை என்று எனக்கு இப்போதும் விளங்கவில்லை. நீ எங்கள் பிள்ளை என்பதால்தான் பயந்தேனோ என்னவோ.

நீ சோதனையில் பாஸ் பண்ணினாய். இன்று எஞ்சினியர். நான் செய்தது பிழை என்று சொல்ல வாய் எழும்புகிறது, உடனே இன்னொரு குரல், அப்படிச் செய்யாவிட்டால் இவன் எங்கே இருந்திருப்பான் என்று கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் நின்று முழுசுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும், இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. உனக்கு நாலு வயதிலிருந்து தம்பி வேண்டும், தங்கச்சி வேண்டும் என்று நச்சரிப்பாய். கடவுள் ஒன்றோடு நிற்பாட்டிவிட்டார் என்று உனக்குச் சொன்னேன். கேட்ட சனத்துக்கெல்லாம் அதையே சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். கடவுளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, தம்பி. அம்மாவுக்கு இன்னொரு பிள்ளை வேண்டும் என்று ஆசை, பெண் பிள்ளையாக இருந்தால் நல்லது என்று பெயர்கூட வைத்திருந்தாள். நான்தான் தள்ளிப்போட்டேன். முதலில் விசா வரட்டும் என்றேன். பிறகு வீடு வாங்கி முடியட்டும் என்றேன். பிறகு உன் சோதனை முடியட்டும், இரண்டு பிள்ளையை ரியூஷனுக்குக் கொண்டு ஓட எங்களால் ஏலாது என்றேன். உனக்குப் பள்ளிக்கூடம் கிடைத்த செப்டெம்பரில் அம்மா திரும்பக் கேட்டாள். அப்போது அவளுக்கு நாற்பது கடந்துவிட்டது. இரண்டு வருடம் பார்த்தோம், வரவில்லை. அதன் பிறகு அவள் அந்தக் கதையை எடுக்கவேயில்லை.

போன கிழமைதான், இருபத்திரண்டு வருடம் கழித்து, நானாக அவளிடம் கேட்டேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். “என்னிலை கோபமோ?” என்றேன். “இப்ப ஏன் கேக்கிறியள்?” என்று சொல்லி மூன்று நாலு துவாயை மடித்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். “நீங்கள் ஒருநாளும் வேண்டாமெண்டு சொல்லேல்லை. பிறகு பாப்பம், பிறகு பாப்பமெண்டுதான் சொன்னியள். வேண்டாமெண்டு சொல்லியிருந்தா நான் சண்டை பிடிச்சிருப்பன். அழுதெண்டாலும் மாத்தியிருப்பன். பிறகு எண்டு சொல்லுற ஆளோடை என்னத்தைச் சண்டை பிடிக்கிறது?” நான் அவளுக்கு முன்னால் கட்டிலில் இருந்து அழுதேன். அவள் அழவில்லை. துவாய்களைத் தூக்கிக்கொண்டு போய் அலுமாரியில் வைத்துவிட்டு வந்து, “சரி, தேத்தண்ணி குடிக்கப்போறியளோ?” என்று கேட்டாள்.

பார்த்தாயா, பிள்ளைகள் எங்கே போய்விட்டார்கள் என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தவன் நான். ஒரு பிள்ளை என் வீட்டிலேயே பிறக்காமல் நின்றிருக்கிறாள், பெயரோடு. இந்த வகுப்பறையில் இருக்க வேண்டிய பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படி யாரோ ஒருவருடைய ‘பிறகு’க்குள் இருக்கிறார்களோ, எத்தனை பேர் சங்கீதாவைப் போல ஒரு தெளிவான பதிலுக்குள் இருக்கிறார்களோ, எந்தப் பேப்பர்காரனும் பிரித்துச் சொல்லப்போவதில்லை. இரண்டும் ஒன்றில்லை என்பது மட்டும் எனக்கு இப்போது தெரிகிறது. அம்மாவை நான் ஏமாற்றினேன். சங்கீதா ஒருவரையும் ஏமாற்றவில்லை. அவள் உன்னிடம் சொன்னாள், நீ அவளிடம் சொன்னாய், இரண்டு பேரும் எங்களிடம் சொன்னீர்கள். எங்கள் வீட்டில் இந்த விஷயத்தைப் பற்றி முதன்முதலாக உண்மை பேசியவள் அவள். அவளுக்கு நான் கொடுத்த பட்டம் ‘பாவம்’.

அதற்காக என் மனம் தெளிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. ஊரில் நடந்த சண்டையில் எங்கள் பக்கம் எத்தனை பேர் போனார்கள் என்று உனக்குத் தெரியும். மிஞ்சினவர்களாவது பெருக வேண்டும் என்று எனக்குள் ஒரு மனிதன் இருந்து சொல்கிறான். செத்தவர்களின் கணக்கைச் சரிப்படுத்த ஒரு குழந்தையைப் பெறச் சொல்வது என்ன நியாயம் என்று இன்னொருவன் கேட்கிறான். நானும் அம்மாவும் படுக்கையில் விழுந்தால் எங்களை யார் பார்ப்பது என்று கவலை. நீ பார்ப்பாய். அப்படியென்றால் உங்களை யார் பார்ப்பது என்று அடுத்த கவலை. பிறகு நினைப்பேன், அம்மா வேலை செய்கிற இல்லத்தில் ஐந்து பிள்ளை பெற்ற மனுசிக்கும் ஒரு பிள்ளையும் இல்லாத மனுசிக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒரே மாதிரித்தான் போகிறதாம். இப்படியே காலையில் ஒரு முடிவு, மத்தியானம் ஒரு முடிவு. வயது போனால் எல்லாம் விளங்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு அறுபத்து நாலு வயது வரைக்கும் காத்திருந்தேன். பழைய சந்தேகங்களோடு புதுச் சந்தேகங்களும் சேர்ந்ததுதான் மிச்சம்.

நான் கெடுத்ததில் என்னால் ஏலுமானதைச் செய்தேன். சம்பந்தியம்மாவுக்குப் போன் எடுத்து, உங்கள் மகளுக்கு ஒரு குறையும் இல்லை, அவள் பொய் சொல்லவில்லை, நான்தான் என் மண்டையில் கட்டிய கதையை உங்களுக்குச் சொன்னேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “இதச் சொல்றதுக்கும் ஒரு மனசு வேணுமுங்க” என்றா. கோபம் முழுதும் போகவில்லை என்பது குரலில் தெரிந்தது. பிறகு தொட்டிலை அவிழ்க்கக் கோவிலுக்குப் போனேன். ஏணி கேட்டு வாங்கி ஏறினால், எல்லாம் ஒரே மஞ்சள், ஒரே முடிச்சு, அதற்குள் இன்னும் எத்தனையோ பேர் மேலே கட்டியிருக்கிறார்கள். எது என்னுடையது என்று தெரியவில்லை. பிழையானதை அவிழ்த்தால், பிள்ளைக்காக உண்மையாகவே ஏங்குகிற ஒருத்தியின் தொட்டிலாக அது இருந்துவிடலாம். அதைத் தொடுகிற தைரியம் எனக்கு வரவில்லை. வெறுங்கையோடு இறங்கி வந்தேன். அது அங்கேயே தொங்குகிறது, பிள்ளை. அதற்கும் என்னை மன்னிக்க வேண்டும்.

உங்களைப் பெயரும் நட்சத்திரமும் சொல்லி ஊருக்கு முன்னால் நிறுத்தியதற்கு நான் நேரில் வந்து மன்னிப்புக் கேட்பேன், நீங்கள் வரச் சொன்னால். வர வேண்டாம் என்றால் வரமாட்டேன். பிள்ளையைப் பற்றி நானோ அம்மாவோ இனி ஒரு சொல் கேட்கமாட்டோம். பேரப்பிள்ளை ஆசை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். ஆசை இருக்கிறது, அது என் பாடு, அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

தம்பி, உண்மையில் நான் பயப்படுவது வேறொன்றுக்கு. எனக்கு அது நேற்றுத்தான் விளங்கியது. உனக்குப் பிள்ளை வேண்டாம் என்பது உன் விருப்பம், அதை விட்டுவிட்டேன். ஆனால் வாசலில் நின்று நீ சொன்ன காரணம் என்னை விடுகிறதில்லை. உனக்குக் கிடைத்த சிறுவயதை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க நினைத்தால் உனக்கு மனம் கூசுகிறது. அப்படியென்றால் அது எப்படிப்பட்ட சிறுவயது? நாங்கள் உன்னை எவ்வளவு விரும்பினோம் என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். அது உன்னிடம் வந்து சேர்ந்ததா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன், உனக்கு நேரம் வரும்போது பதில் சொல். எங்களுக்குப் பிள்ளையாக இருந்தது உனக்குப் பிடித்திருந்ததா? என் மனம் நோகும் என்று பார்க்காதே, அம்மாவுக்காக மெழுகாதே. இல்லை என்று நீ சொன்னால், இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

அப்பா